பட்டாளம் போய்த் திரும்பாதவரைத் தேடப் புறப்படும் பிள்ளைகளுக்கு

செங்கம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போன நிலம். பல்லவர் காலத்துக் கல் ஒன்றைப் படித்துப் பாருங்கள். எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர்த் தொறுவை (மாட்டு மந்தையை) கவர வந்தார்கள், மாண்ட வீரன் யாருடைய சேவகன், பெயர் என்ன, எங்கே பட்டான் என்பதெல்லாம் நாலைந்து வரியில் இருக்கும். ஆயிரத்து முந்நூறு வருஷம் ஆகியும் அவன் யாரென்று நமக்குத் தெரிகிறது. அதே மண்ணிலிருந்து 1914-லும் 1939-லும் கப்பலேறி, மெசபடோமியாவிலும் பர்மாவிலும் உயிர்விட்டவர்களுக்கு அந்த நாலு வரி இல்லை. பல வீடுகளில் பெயர்கூட மறந்துபோய், ‘பட்டாளத்துத் தாத்தா’ என்ற பேச்சு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

முதல் உலகப் போரில் சுமார் 13 லட்சம் இந்தியர்கள் சேவை செய்தார்கள். 74,000 பேர் வரை இறந்தார்கள். இரண்டாம் போரில் 25 லட்சம் பேர். அதில் இறந்தவர்கள் சுமார் 87,000. அந்தக் கூட்டத்தில் தங்கள் வீட்டு மனிதரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று இப்போது பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் கேட்டு வருகிறார்கள். கேட்கிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். நடுகல்லில் என்னென்ன எழுதினார்களோ அதையேதான் நீங்களும் தேடப்போகிறீர்கள்: பெயர், ஊர், யாருடைய படை, எந்த ஆண்டு, எந்த இடம்.

1. கணினியைத் திறப்பதற்கு முன்னால் வீட்டிலுள்ள ஆயாக்களிடம் போய் உட்காருங்கள். பட்டாளத்துக்குப் போனவரின் தம்பி மகள், மருமகள், பக்கத்து வீட்டுக்காரர் என்று எண்பது வயதைத் தாண்டியவர்கள் ஊருக்கு இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். ‘எந்த ரெஜிமெண்ட்?’ என்று கேட்காதீர்கள். அவர்களுக்கு அது தெரியாது. ‘பணம் மணியார்டரில் வந்ததா? எந்த ஊர் முத்திரை? லீவில் வந்தபோது என்ன உடுப்பு போட்டிருந்தார்? பாலம் கட்டினேன், ரோடு போட்டேன் என்று சொன்னாரா, லாரி ஓட்டினேன் என்றாரா, கோவேறு கழுதை மேய்த்தேன் என்றாரா? சாவுச் சேதி தந்தியில் வந்ததா, கூடப் போனவர் வந்து சொன்னாரா?’ என்று கேளுங்கள். பாலமும் ரோடும் என்றால் சாப்பர்ஸ் அல்லது பயனியர். லாரியும் கழுதையும் என்றால் ஆர்மி சர்வீஸ் கோர். பெங்களூர் மதராஸ் சாப்பர்ஸின் ஊர்; அங்கே போய்ச் சேர்ந்தார் என்று ஒரு கிழவி சொன்னால் பாதி வேலை முடிந்தது. கூடப் போனவர் யார் என்பதையும் விடாதீர்கள். ஒரே ஊரிலிருந்து இரண்டு மூன்று பேராகச் சேர்ந்துதான் போயிருப்பார்கள். உங்கள் ஆள் கிடைக்காவிட்டால் அவர் கூட்டாளி கிடைப்பார். அவர் வழியாக உங்கள் ஆளிடம் போய்விடலாம்.

இந்த ஒரு வேலைக்கு மட்டும்தான் அவசரம் உண்டு. ஆவணங்கள் இன்னும் ஐந்து வருஷம் கழித்தும் அலமாரியில் இருக்கும். அந்தக் கிழவிகள் இருக்க மாட்டார்கள்.

2. ஊர்த்தெருவோடு நின்றுவிடாதீர்கள், சேரிக்கும் போங்கள். மதராஸ் சாப்பர்ஸ், பயனியர் படைகளில் ஆதிதிராவிடர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். சமையல், சலவை, தண்ணீர் சுமத்தல், துப்புரவு என்று படையோடு போன தொழிலாளர்களிலும் அவர்கள் நிறைய. போரில் செத்தால் அவர்களும் படைக் கணக்கில் உண்டு. ஊர்ப் பெரியவர்களின் பேச்சில் இடம்பெறாத பெயர்கள் அந்தத் தெருவில் நினைவில் இருக்கும். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டையும் திருமணப் பதிவேட்டையும் பாருங்கள். திருக்கோவிலூர்ப் பக்கம் டேனிஷ் மிஷனார் வேலை செய்த ஊர்களில் அது பெரிய உதவி.

3. பெட்டியைக் கிளறுங்கள். முதல் போரில் இறந்தவரின் குடும்பத்துக்கு வெண்கலத்தில் வட்டமான ஒரு நினைவுத் தகடு கொடுத்தார்கள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது; ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் அகலம். ஒரு பெண்ணுருவமும் சிங்கமும் இருக்கும். ஒரு கட்டத்துக்குள் இறந்தவரின் பெயர். பதவி இருக்காது. ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரித் தகடுதான். இதைப் பழைய பித்தளையோடு எடைக்குப் போட்ட வீடுகள் உண்டு. விபூதித் தட்டாகப் பூஜை அறையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதக்கம் இருந்தால் முகப்பைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் விளிம்பைப் பாருங்கள். முதல் போரின் வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொறித்திருக்கும். தொழிலாளர் படையினர் சிலருக்கு அதே பதக்கம் வெண்கலத்தில் வந்தது. 1914–15 நட்சத்திரத்தில் பெயர் பின்பக்கம் இருக்கும். இரண்டாம் போரின் பதக்கங்களிலும் இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் எண்ணும் பெயரும் பொறித்தவை உண்டு. எழுத்து தேய்ந்திருந்தால் புளி போட்டுத் துலக்காதீர்கள், மிச்சமும் போய்விடும். வெளிச்சத்தைச் சாய்வாகக் காட்டிச் செல்போனில் படம் எடுங்கள்.

4. தமிழ் வருஷத்தை நம்புங்கள். ‘அவர் போனது பிங்கள வருஷம்’ என்று தாத்தா சொல்லியிருந்தால் அது தேதிக்குச் சமம். 1914 சித்திரை முதல் ஆனந்த. பிறகு ராட்சச, நள, பிங்கள, காளயுக்தி. 1919 சித்திரையில் சித்தார்த்தி. இரண்டாம் போரில் 1939 பிரமாதி, அடுத்து விக்ரம, விஷு, சித்ரபானு, சுபானு, தாரண, 1945 பார்த்திப. ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் நடுவில் பிறக்கிறது என்பதை மறக்காதீர்கள். நள வருஷம் சித்திரையில், 1916 ஏப்ரல் 29 அன்று, மெசபடோமியாவின் கூத் நகரில் முற்றுகையில் இருந்த பிரிட்டிஷ் இந்தியப் படை சரணடைந்தது. விஷு வருஷம் மாசி பிறந்த சில நாளில், 1942 பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் விழுந்தது. வீட்டில் சொல்லும் வருஷமும் மாசமும் இப்படியொரு நிகழ்ச்சியோடு பொருந்தினால் அவர் எந்தப் போர்முனையில் இருந்தார் என்பது துலங்கிவிடும்.

ஆனால் வீட்டில் காக்கும் நாள் பெரும்பாலும் சேதி வந்த நாள். இறந்த நாள் அதற்குச் சில வாரமோ சில மாதமோ முந்தியிருக்கும். சிறைப்பட்டவர் என்றால் வருஷக் கணக்கிலும் முந்தும். தேடும்போது தேதியை இறுக்கிப் பிடிக்காமல் முன்னே பின்னே ஒரு வருஷம் விட்டுத் தேடுங்கள்.

5. ஊரை அன்றைய விலாசத்தில் எழுதுங்கள். கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தது 2019-ல். அதற்கு முன் விழுப்புரம் மாவட்டம். 1993-க்கு முன் எல்லாமே தென்னாற்காடு, தலைநகரம் கடலூர். போர்க்காலப் பதிவுகளில் ‘கல்லகுர்ச்சி தாலுகா, சவுத் ஆற்காட்’ என்ற மாதிரிதான் இருக்கும். சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம், ரிஷிவந்தியம் எல்லாவற்றுக்கும் வெள்ளைக்காரர் எழுத்தில் மூன்று நான்கு உருவம் உண்டு.

மலைக்காரப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். கல்வராயன் மலை அன்று ஜாகிர்தார்களான கவுண்டர்களின் கையில் இருந்தது. தாலுகா நிர்வாகம் அங்கே நேரடியாகப் போய்ச் சேரவில்லை. மலையிலிருந்து ஒருவர் படையில் சேர்ந்திருந்தால் அவர் ஊராக மலைக் குக்கிராமத்தைத் தேடுவதோடு நிறுத்தாதீர்கள். கச்சிராயபாளையம், சின்னசேலம், சங்கராபுரம் என்று அடிவாரத்து ஊர்களையும் தேடுங்கள். மலையின் மேற்குப் பக்கம் சேலம் மாவட்டம் என்பதால் சேலத்தின் கீழும் ஒருமுறை பாருங்கள். மலையின் பெயரையே ‘கல்ராயன்’ என்றுதான் எழுதியிருப்பார்கள்.

6. ஒரு பெயருக்குப் பத்து எழுத்து. பெருமாள் ‘பெர்மால்’ ஆவார். முனுசாமி ‘மூனிசாமி’, ‘முனிசுவாமி’, ‘முனுஸ்வாமி’ என்று மூன்று ஆளாகத் தெரிவார். அன்று நம் ஆட்களுக்கு ஒற்றைப் பெயர்தான். அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டார்களா, முதற்பெயர்க் கட்டத்தில் போட்டார்களா என்பது எழுத்தரின் இஷ்டம். இரண்டிலும் தேடுங்கள். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து சகவீரர்களைக் காப்பாற்றி உயிர்விட்ட சுபேதார் சுப்ரமணியன், ஜார்ஜ் கிராஸ் பெற்ற மதராஸ் சாப்பர்ஸ் வீரர், காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். அவ்வளவு பெரிய வீரரின் பெயரே புத்தகத்துக்குப் புத்தகம் வேறு எழுத்தில் இருக்கிறது. உங்கள் ஊர்ச் சிப்பாய்க்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே தகப்பன் பெயரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தாய், மனைவி பெயரும் வேண்டும். ‘இன்னாரின் மகன், இன்ன ஊர்’ என்ற ஒரு வரிதான் ஒரே பெயருள்ள நூறு பேரிலிருந்து உங்கள் ஆளைப் பிரித்துக் காட்டும்.

7. எல்லாவற்றுக்கும் மேலானது படை எண். பெயர் மாறும், ஊர் மாறும், எண் மாறாது. ஆனால் முதல் போர்க்காலத்தில் ஒவ்வொரு ரெஜிமெண்டும் தனித்தனியாக எண் போட்டது. ஒரே எண் பல படைகளில் இருக்கும். எண்ணையும் படைப்பிரிவையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். 63-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, 61-ஆம் பயனியர்ஸ் இரண்டும் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் போரிட்டவை. கர்நாடிக் இன்ஃபன்ட்ரி என்று பல எண்களில் பட்டாலியன்கள் இருந்தன. 1922-ல் இந்தப் பெயர்களையெல்லாம் மாற்றினார்கள். அந்தப் பத்தாண்டின் கடைசிக்குள் மதராஸ் காலாட்படையையே கலைத்துவிட்டார்கள். 1941-ல்தான் மதராஸ் ரெஜிமெண்ட் மறுபடி எழுந்தது. இடையில் அறுந்த அந்த நூலால்தான் நம் பக்கத்து முதல் போர்ச் சிப்பாய்களைத் தேடுவது இவ்வளவு கடினமாக இருக்கிறது. பஞ்சாபில் போருக்குப் பின் கிராமவாரியாகப் பதிவேடுகள் எழுதினார்கள்; லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த அவற்றிலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தை இப்போது கணினியில் ஏற்றிவிட்டார்கள். நமக்கு அப்படியொன்று கையில் இல்லை. அதனால்தான் உங்கள் வீட்டுப் பெட்டிக்கு இவ்வளவு மதிப்பு.

8. இனி கணினி. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917-ல் தொடங்கியது. இரண்டு போர்களிலும் இறந்த 17 லட்சம் பேரின் பெயர்ப் பதிவு அதன் இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை, படையில் இருக்கும்போது எந்தக் காரணத்தால் இறந்தவரும் அதில் சேர்வார். குண்டடிபட்டுச் சாகவேண்டும் என்பதில்லை. காலராவில் போனவரும், விஷக் காய்ச்சலில் போனவரும், லாரி கவிழ்ந்து போனவரும் உண்டு. ‘சண்டையில் சாகவில்லை, நோயில்தான் செத்தார்’ என்று சொல்லித் தேடாமல் விட்ட குடும்பங்கள் இருக்கின்றன. தேடுங்கள். மெசபடோமியாவில் நோய் கொண்டுபோன உயிர் கொஞ்சமல்ல.

பெயரைப் போட்டுக் கிடைக்கவில்லையானால் வேறு வழி: படை என்ற இடத்தில் இந்திய ராணுவம், கூடுதல் தகவல் என்ற கட்டத்தில் மாவட்டத்தின் அல்லது ஊரின் பழைய ஆங்கில எழுத்து. தென்னாற்காட்டுக்காரர்கள் வரிசையாக வருவார்கள். ஒவ்வொரு பெயராகப் படியுங்கள். சலிப்பாக இருக்கும். ஆனாலும் நம் பக்கத்து ஆட்கள் அதிகம் கிடைப்பது இந்த வழியில்தான்.

கிடைத்ததும் ‘கல்லறை எங்கே?’ என்று கேட்பீர்கள். இந்துக்களைத் தகனம் செய்துவிட்டார்கள், அதனால் பெரும்பாலும் கல்லறை இராது. பெயர் ஒரு நினைவகத்தில் இருக்கும். பர்மாவில் மறைந்தவர்கள் ரங்கூன் நினைவகத்தில். அங்கே சுமார் 27,000 பெயர்கள். மலேயா, சிங்கப்பூரில் மறைந்தவர்கள் கிராஞ்சியிலுள்ள சிங்கப்பூர் நினைவகத்தில்; 24,000-க்கும் மேல். கொஹிமாவில் தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனி நினைவகம் உண்டு. பிரான்சில் இறந்தவர்கள் நூவ் ஷப்பேலில். டெல்லி இந்தியா கேட்டில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கியிருக்கின்றன. சுற்றுலா போகிறவர்கள் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு, சுவரை அண்ணாந்து படிக்காமல் வந்துவிடுகிறார்கள். ஒருமுறையாவது படியுங்கள்.

9. பஸ்ரா நினைவகத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம் ஆட்கள் நிறையப் பேர் அந்தப் பக்கம் போனவர்கள். மெசபடோமியாவில் இறந்து கல்லறை தெரியாத 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அது பொது. வெள்ளைக்காரச் சிப்பாயின் பெயர் கல்லில் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளின் பெயரை மட்டும் செதுக்கினார்கள். சாதாரணச் சிப்பாய்களை ரெஜிமெண்டுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக எழுதி விட்டுவிட்டார்கள். பெயர்கள் புத்தகப் பதிவேட்டில்தான். ஊர்களிலும் இதே கதை. ‘இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் மகா யுத்தத்துக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர்நீத்தார்கள்’ என்று சின்னச் சலவைக்கல் பல ஊர்களில் பதித்தார்கள். பழைய சாவடிச் சுவரிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் தேடிப்பாருங்கள். சுண்ணாம்புக்கு அடியில் இருந்தாலும் இருக்கும். அதிலும் பெயர் கிடையாது.

2021-ல் போர்க் கல்லறை ஆணையமே ஒரு குழு போட்டு ஆராய்ந்து இந்தக் குறையை ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் என்று 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேருக்கு, ஒருவேளை 3,50,000 பேர் வரைக்கும், பெயரோ நினைவகமோ இல்லாமலே போய்விட்டது என்று அறிக்கை சொன்னது. ஆகவே உங்கள் தாத்தா பதிவில் இல்லையென்றால் அவர் போகவில்லை என்றோ, வீட்டார் கதை கட்டினார்கள் என்றோ முடிவுகட்டாதீர்கள். நான் இந்த வேலையில் எதை விட்டாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டேன். பெயர் எழுதாதது எழுத வேண்டியவர்களின் குற்றம்.

10. சிங்கப்பூரில் சிறைப்பட்ட இந்தியர்களில் பலர் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அந்த உடுப்பில் இறந்தவரை மேலே சொன்ன ஆணையத்தில் தேடிப் பயனில்லை. டெல்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் இந்திய தேசிய ராணுவக் கோப்புகளையும், குடும்பம் தியாகி ஓய்வூதியத்துக்கு எழுதியிருந்தால் அந்த விண்ணப்பத்தையும் பாருங்கள். சேர மறுத்தவர்களில் பலரை ஜப்பானியர் நியூ கினியா வரைக்கும் கொண்டுபோய் வேலை வாங்கினார்கள். அவர்கள் பெயர் ஆணையத்தில் இருக்கும். சயாம் மரண ரயில் பாதைக்கு மலேயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழ்க் கூலிகள் சிப்பாய்கள் அல்ல. பல்லாயிரம் பேர் செத்தும் அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் எழுதப்படவில்லை. உங்கள் வீட்டுக்காரர் தோட்டத்துக்குப் போனவரா, பட்டாளத்துக்குப் போனவரா என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

11. 1947-க்குப் பிறகு இறந்தவர் என்றால் வேலை சுலபம். 2019-ல் திறந்த டெல்லி தேசியப் போர் நினைவகத்தில் 25,900-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன; 1962, 1965, 1971, கார்கில், இலங்கைக்குப் போன அமைதிப்படை எல்லாம் அதில் அடங்கும். இணையத்திலும் தேடலாம். கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையிலும் அமைதிப்படையினருக்கு நினைவகம் உண்டு.

12. கடிதம் எழுதப் பழகுங்கள். மதராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன். மதராஸ் சாப்பர்ஸ், ஆர்மி சர்வீஸ் கோர், பயனியர் கோர் மூன்றுக்கும் பெங்களூரு. அந்தந்த ஆவண அலுவலகத்துக்கு ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எண், பெயர், தகப்பன் பெயர், அன்றைய தாலுகா, மாவட்டம், இறந்த ஆண்டு, உங்களுக்கு அவர் என்ன முறை. குடும்பக் கதையை இதில் எழுத வேண்டாம். பதக்கத்தின் படத்தை வையுங்கள். பதில் வர நாளாகும். பழைய கோப்பு இல்லை என்றும் வரலாம். அப்போது கேள்வியை மாற்றிக் கேளுங்கள்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் போங்கள். பழைய குடும்பமாக இருந்தால் கோப்பு விழுப்புரத்திலோ கடலூரிலோ கிடக்கலாம். இரண்டாம் உலகப் போர் வீரர்களின் விதவைகளுக்குத் தமிழக அரசு மாத உதவித்தொகை கொடுத்து வந்திருக்கிறது; ஆயா அதை வாங்கியிருந்தால் அந்தக் கோப்பில் தாத்தாவின் எண் இருக்கக்கூடும். குடும்பப் பென்ஷன் புத்தகம் இருந்தால் கருவூலத்தில் கேளுங்கள். பட்டாளத்தார் குடும்பத்துக்கென்று நிலம் ஒப்படை செய்திருந்தால் தாலுகா ஆபீசில் உத்தரவு இருக்கும். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் போர்க்கால அரசாணைகளைப் புரட்டலாம். அங்கே போவதற்கு முன் வருஷமும் துறையும் முடிவு செய்துகொண்டு போங்கள், இல்லாவிட்டால் நாள்தான் போகும். முதல் போரில் கூத்தில் சிறைப்பட்டவரா? ஜெனீவா செஞ்சிலுவைச் சங்கம் 1914–1918 கைதிகள் அட்டைகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ரெஜிமெண்ட் தெரிந்தால் அதன் போர் நாட்குறிப்பு லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும். அவர் இறந்த நாளில் அந்தக் கம்பெனி எந்த ஆற்றங்கரையில் நின்றது என்றுகூட அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

13. ‘தேடித் தருகிறேன், பணம் கட்டுங்கள், பெரிய இழப்பீடு வரும்’ என்று யாராவது சொன்னால் பதில் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

14. கிடைத்தபின் செய்ய வேண்டியது இருக்கிறது. ஆணையத்தின் பதிவில் பெயர் தவறாக இருந்தாலோ, பெயரே இல்லாவிட்டாலோ, சான்றுகளோடு எழுதிக் கேட்கலாம். திருத்துகிறார்கள், சேர்க்கவும் செய்கிறார்கள். தகட்டின் படம், பதக்க விளிம்பின் படம், பென்ஷன் காகிதம், வாரிசுச் சான்று, ஆயா சொன்னதை அவர் கைநாட்டோடு எழுதிய தாள் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். கூடுதல் தகவலில் தகப்பன் பெயர் மட்டும் இருந்தால் தாய் பெயரையும் மனைவி பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். கள்ளக்குறிச்சி என்பதையும் உங்கள் ஊர்ப் பெயரையும் சரியான எழுத்தில் போடச் சொல்லுங்கள். தெவசம் கொடுக்கிற வீடென்றால் இறந்த நாளைப் பஞ்சாங்கத்தில் பார்த்துத் திதியைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மூன்று நகல் எடுத்து ஒன்றை ஊர்ப் பள்ளிக்கூடத்திலும், ஒன்றை அவரோடு போன கூட்டாளியின் குடும்பத்திலும் கொடுங்கள். அந்தக் கூட்டாளியின் பேரன் இன்னும் தேடத் தொடங்கியிருக்க மாட்டான். அவனை உட்காரவைத்து முதல் அறிவுரையிலிருந்து சொல்லிக் கொடுங்கள்.